பாட்டன் பிறந்த இடத்தைக் கேட்ட சட்டம்

மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை முழுமையாகத் திரும்பிவிட்டதாக 2003ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அந்த உரிமையோடு சேர்த்துப் பறிக்கப்பட்டவை இன்னும் திரும்பவில்லை.

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி ஏறும் இருப்புப்பாதை, வட்டவளையைக் கடந்து ஹட்டனை எட்டுவதற்கு முன்னர், றொசல்ல என்னும் சிறு நிலையத்தைத் தொடுகிறது. பாதையின் மேலும் கீழும் தேயிலைச் சரிவுகள் விரிந்து கிடக்க, அச்சரிவுகளின் மடிப்புகளில் ஒரே கூரையின் கீழ் அறை அறையாகத் தடுக்கப்பட்ட லயங்கள் நிற்கின்றன. 1884இல் ஹட்டன்வரை நீண்ட இப்பாதை, தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த உழைப்பாளரை மலைக்கு ஏற்றுவதற்கும் பயன்பட்டது. அவ்வுழைப்பாளரின் பேரப்பிள்ளைகள், 1960களின் பிற்பகுதி தொடங்கி 1980களின் தொடக்கம்வரை, அதே பாதை வழியாகத் தலைமன்னார் நோக்கி இறக்கப்பட்டனர். புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்று வழங்கும் மலையக மக்கள், இந்தியாவுக்கு அனுப்பப்படுவோரை ஏற்றிச்சென்ற வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். தகரப் பெட்டிகளும் துணி மூட்டைகளும் ஏற்றப்பட்ட பின்னர், போகிறவர்களும் மேடையில் நிற்கிறவர்களும் சன்னல் கம்பிகளின் ஊடாகக் கைகளைப் பற்றிக்கொண்டு, இழவு வீட்டில் அழுவதுபோல் பாட்டுக்கட்டி அழுதனர்.

அவ்வாறு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்குத் ‘திரும்புவதாக’ ஆவணங்கள் கூறினவோ அந்த நாட்டை ஒருபோதும் பார்த்ததில்லை. பிறந்த மண்ணிலேயே அயலவராக அறிவிக்கப்பட்டு, கப்பலேறுவதா, நாடற்றவராக லயத்திலேயே தங்குவதா என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டிருந்தனர். மத்திய கிழக்கில் குர்திய மக்கள்மீது அரசுகள் இழைத்துவரும் கொடுமைகளைப் பற்றி இன்று தமிழ் வாசகர்கள் நிறையவே வாசிக்கின்றனர். அக்கொடுமைகளுள் ஒன்றான பிரஜாவுரிமைப் பறிப்பு, சிரியாவில் நடந்தேறுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இலங்கை மலையகத்தில், நாடாளுமன்ற வாக்கெடுப்பு உட்பட எல்லாச் சட்ட ஒழுங்குகளோடும் நிறைவேற்றப்பட்டது என்பதை நினைவில் கொள்வோர் மிகச் சிலரே.

ஏழு ஆசனங்கள் மறைந்த விதம்

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோதே, தோட்டத் தொழிலாளரின் வாக்கு ஒரு பிரச்சினையாகப் பேசப்பட்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்ததும், அதற்கு முந்திய ஆண்டில் உருவாகியிருந்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொழிற்சங்கமாகவும் வேரூன்றியதும், வாக்கும் சங்கமும் ஒருசேரக் கிடைத்த தொழிலாளி துரைமாருக்கு மட்டுமன்றி அரசியல் தலைமைக்கும் அச்சமூட்டக்கூடியவன் என்பதை வெளிப்படுத்தின. அந்த அச்சம் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் எண்ணிக்கையாகவே கண்முன் வந்தது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா உள்ளிட்ட ஏழு பேர் காங்கிரஸின் சார்பில் நாடாளுமன்றம் சென்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றன. தேர்தலால் நிரப்பப்பட்ட 95 ஆசனங்களில் 42ஐ மட்டுமே வென்று ஆட்சியமைத்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு இந்த விளைவு ஓர் எச்சரிக்கையாக இருந்தது.

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் ஒருவரைப் பிரஜையாக்காது. அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தார் என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத காலத்தில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் தேடுவது இலங்கையின் எந்தக் கிராமத்திலும் கடினமாகவே இருந்திருக்கும். ஆயினும், கிராமத்துச் சிங்களவரிடமோ யாழ்ப்பாணத்துத் தமிழரிடமோ எந்த அதிகாரியும் அதைக் கேட்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குச் செல்லும் வழக்கமும் இம்மக்களுக்கு எதிராகத் திரும்பியது. இரண்டு தலைமுறைகளாகத் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பத்திலும், தந்தை திருச்சியிலோ இராமநாதபுரத்திலோ பிறந்துவிட்ட ஒரே காரணத்தால் பிள்ளைகள் அந்நியராயினர்.

மறு ஆண்டில் இரண்டு சட்டங்கள் தொடர்ந்தன. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னர் திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் ஏனையோர் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வசித்ததை நிரூபித்தால் பதிவு மூலம் பிரஜாவுரிமை தருவதாக அறிவித்தது. சுமார் 237,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயரால் குவிந்தன. 1964வரை ஏற்கப்பட்டவர்கள் சுமார் 134,000 பேர் மட்டுமே. நெருங்கிய உறவினரின் சாவுக்காக ஊர் சென்று வந்த சில மாதங்கள்கூட ‘இடையறாத வதிவு’ முறிந்ததற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமோ, பிரஜைகள் மட்டுமே வாக்காளர் இடாப்பில் இடம்பெறலாம் என்று வரையறுத்து, ஏனைய இரண்டும் தொடங்கிய வேலையை முடித்தது. 1952 தேர்தலில் மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. மலையக மக்களின் வாக்கால் ஒருவர் மீண்டும் நாடாளுமன்றம் செல்வதற்கு 1977வரை காத்திருக்க நேர்ந்தது.

இதில் மிகக் கொடிய கூறு பலரும் கவனியாதது. தொகுதிகளைப் பிரிக்கும்போது மக்கள்தொகையே கணக்கில் கொள்ளப்பட்டது. அக்கணக்கில் நாடற்ற தொழிலாளரும் சேர்க்கப்பட்டனர். ஆகவே நுவரெலியா, கண்டி, பதுளைப் பகுதிகளுக்கு அவர்களுடைய தலைகளை எண்ணி ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த ஆசனங்களை நிரப்பும் வாக்கு அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்களுக்கு எதிராக வாக்களிப்போரின் பலத்தை அவர்களுடைய எண்ணிக்கையே பெருக்கியது.

இச்சட்டங்களை எதிர்த்தவர்கள் இல்லாமற் போகவில்லை. என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் ஆகிய இடதுசாரித் தலைவர்கள் நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினர். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் இச்சட்டங்களைக் கொண்டுவந்த அரசாங்கத்தின் அமைச்சரவையில் இணைந்ததை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம் அக்கட்சியிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடத்தியது. நீதிமன்ற வழியும் பயன் தரவில்லை. எந்த ஒரு சமூகத்துக்கும் ஏனையோருக்கு இல்லாத தகுதியீனத்தைச் சுமத்தும் சட்டம் செல்லாது எனச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறியதை ஆதாரமாகக் கொண்டு கோடாகன் பிள்ளை தொடுத்த வழக்கில், அப்போது இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இயங்கிய கோமறைக் கழகம், தன் பிரஜைகள் யாரென வரையறுப்பது எந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் உரிய இயல்பான அதிகாரம் என்று 1953இல் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகத்தில் ‘தமிழர்’ என்ற சொல் இல்லை. அச்சொல் இல்லாமலேயே ஒரு சமூகத்தைக் குறிபார்க்க முடியும் என்பதை அந்த மன்றம் காண மறுத்தது.

பெட்டிச் செய்தி: பறிப்பும் மீட்பும்
1948: பிரஜாவுரிமைச் சட்டம், 18ஆம் இலக்கம்.
1949: வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், 3ஆம் இலக்கம், தேர்தல் திருத்தச் சட்டம், 48ஆம் இலக்கம்.
1964 ஒக்டோபர் 30: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர்.
1974: சிறிமா–இந்திரா ஒப்பந்தம். எஞ்சியோர் இரு நாடுகளுக்கும் 75,000 பேராகப் பங்கிடப்பட்டனர்.
1986, 1988: நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டங்கள்.
2003: இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம், 35ஆம் இலக்கம்.

ஹஸக்காவின் ஒரு நாள்

சிரியாவின் வடகிழக்கில், துருக்கிய, ஈராக்கிய எல்லைகளை ஒட்டிய ஹஸக்கா மாகாணம் அந்நாட்டுக் குர்தியரின் முதன்மையான வாழிடங்களுள் ஒன்றாகும். அங்கே 1962 ஒக்டோபர் 5 அன்று, 93ஆம் இலக்க ஆணையின்படி, அம்மாகாணத்தில் மட்டும், ஒரே நாளில் ஒரு சிறப்புக் குடிசன மதிப்பீடு நடத்தப்பட்டது. 1945க்கு முன்பிருந்தே சிரியாவில் வசித்ததற்கு ஆவணம் காட்ட முடியாதவர்கள் எல்லை கடந்து வந்த அந்நியர் எனக் கருதப்பட்டனர். அந்த ஒரு நாளில் சுமார் 120,000 குர்தியர், அதாவது அன்றைய சிரியக் குர்தியரில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர், குடியுரிமை இழந்தனர். ஒரே வீட்டில் அண்ணன் பிரஜையாகவும் தம்பி அந்நியனாகவும் பதியப்பட்டனர். படையில் பணியாற்றியவர்களும் பட்டியலிலிருந்து தப்பவில்லை.

குடியுரிமை இழந்தோர் இரு வகையாகப் பிரிக்கப்பட்டனர். ‘அஜானிப்’ எனப்பட்ட அந்நியர், தாம் சிரியப் பிரஜை அல்லர் என்று அறிவிக்கும் சிவப்பு அடையாள அட்டையைப் பெற்றனர். ‘மக்தூமீன்’ எனப்பட்ட பதிவற்றோர் அந்த அட்டையும் இன்றி, அரச ஏடுகளில் பிறவாதவராகவே வாழ்ந்தனர். நிலம் வாங்கவோ, அரச பணியில் சேரவோ, கடவுச்சீட்டுப் பெறவோ இவ்விரு பிரிவினருக்கும் வழியில்லை. நாடற்ற தகப்பனின் பிள்ளை நாடற்றதாகவே பிறந்ததால், பிறப்பு நிகழ நிகழ எண்ணிக்கை பெருகி, 2011அளவில் மூன்று இலட்சம் என மதிப்பிடப்பட்டது. நாடெங்கும் கிளர்ச்சி மூண்ட அவ்வாண்டு ஏப்ரலில், குர்தியரை அமைதிப்படுத்தும் நோக்கில், அப்போதைய ஜனாதிபதி பஷார் அல் அசாத் 49ஆம் இலக்க ஆணையால் அஜானிப் பிரிவினருக்குக் குடியுரிமை வழங்கினார். மக்தூமீன் அதிலும் விடுபட்டனர்.

குர்தியரின் துயரம் பல வகைகளில் இதனினும் பெரிது. சிரியாவில் அவர்களுடைய மொழிக்கு நெடுங்காலம் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. ஊர்ப் பெயர்கள் அரபுக்கு மாற்றப்பட்டன. 2004 மார்ச்சில் கமிஷ்லியில் கால்பந்தாட்டப் போட்டியொன்றில் தொடங்கிய கலவரத்தை அடக்கும்போது முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஈராக்கில், 1988 மார்ச் 16 அன்று, ஹலப்ஜா நகரில் நச்சு வாயுவால் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். மலையகத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் தடைசெய்யப்படவில்லை. நச்சு வாயு வீசப்படவில்லை. ஒப்பிடத்தக்கது கொடுமையின் அளவன்று, பிரஜாவுரிமையைப் பறித்த முறையே. உழைப்பைப் பல தலைமுறைகளாக ஏற்றுக்கொண்ட ஓர் அரசு, உழைத்தவர் எண்ணிக்கையில் பலம் பெற்றதும், அவர்களிடம் இருக்க வாய்ப்பில்லாத ஒரு தாளைக் கேட்கிறது. தாள் இல்லாமையையே குற்றமாக்குகிறது. பின்னர் அவர்களுடைய காலடி நிலத்தை வேறொருவருக்கு எழுதுகிறது. மூன்றாவது கட்டமே முதலிரண்டின் நோக்கம் என்பதை இரு நாடுகளின் வரலாறும் மெய்ப்பிக்கின்றது.

ஏழுக்கு நான்கு

பிரஜாவுரிமை இழந்த மக்களின் எதிர்காலத்தை இரு அரசாங்கங்கள் புது டில்லியில் பேசித் தீர்த்தபோது, அம்மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. நேரு தம் வாழ்நாளில் மொத்தமாக ஏற்க மறுத்துவந்த பொறுப்பைச் சாஸ்திரி 1964இல் ஏற்றார். ஏழு பேர் இந்தியப் பிரஜைகளாகக் கப்பலேறினால் நான்கு பேர் இலங்கைப் பிரஜைகளாகலாம் என்ற விகிதம் வகுக்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகள் தவணை குறிக்கப்பட்டது. விருப்பத்தின் பேரில் விண்ணப்பிக்கலாம் என்று ஒப்பந்தம் கூறியது. ஆனால் வேலை, அரிசிக் கூப்பன், பிள்ளையின் படிப்பு ஆகிய ஒவ்வொன்றும் பிரஜாவுரிமையோடு பிணைக்கப்பட்டிருந்த நிலையில், அந்த விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது என்பதை எவரும் ஊகிக்கலாம். பெற்றோர் இந்திய விண்ணப்பத்திலும் திருமணமான மகள் இலங்கை விண்ணப்பத்திலும் பிரிந்த குடும்பங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தன.

1984இல் கப்பல் நிறுத்தப்படும்வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். மண்டபம் முகாமில் இறங்கியவர்களுக்கு வியாபாரக் கடன் என்றும் தோட்ட வேலை என்றும் மறுவாழ்வுத் திட்டங்கள் காத்திருந்தன. கொழுந்து பறிக்க மட்டுமே பழகிய குடும்பங்கள் கடன் பணத்தை இழந்து, கூலி தேடி மீண்டும் மலை ஏறின. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் அமைத்த குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன. கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டும் பணியில் கொத்தடிமைகளாகச் சிக்கியோரும் உண்டு. இலங்கையில் ‘இந்தியாக்காரர்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் ‘சிலோன்காரர்’ ஆயினர். அவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ, நட்டத்தைக் காரணம் காட்டி, தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பியளிக்க 2022இல் முடிவானபோது, ஓய்வு பெற்ற தொழிலாளர் குடும்பங்கள் குடியிருப்பை இழக்கும் அச்சத்துக்கு மீண்டும் ஆளாயின.

பெட்டிச் செய்தி: குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’
1946: 780,589 (நாட்டின் மக்கள்தொகையில் 11.7 சதவீதம்)
1953: 974,098 (12.0 சதவீதம்)
1971: 1,174,606 (9.3 சதவீதம்)
1981: 818,656 (5.5 சதவீதம்)
1981ஆம் ஆண்டு வீழ்ச்சிக்கு நாடு கடத்தலோடு, பலர் தம்மை ‘இலங்கைத் தமிழர்’ எனப் பதிவுசெய்துகொண்டமையும் காரணமாகும். பதிவேட்டில் பெயரை மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு என மக்கள் கருதிய காலம் அது.

நிலம் யாருக்கு?

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம், தனியாரிடமும் வெள்ளையர் கம்பனிகள் உள்ளிட்ட கம்பனிகளிடமும் இருந்த தோட்டங்களை அரசுடைமையாக்கியது. அது முற்போக்கான நடவடிக்கையாகவே வரலாற்றில் பாராட்டப்படுகிறது. ஆனால், அந்நிலத்தைக் காடழித்துத் தேயிலையாக்கியவர்கள் பிரஜைகள் அல்லர் என்பதால், பங்கீட்டில் அவர்களுக்கு இடமில்லை. மாறாக, கண்டி மாவட்டத்தின் டெல்டா, சங்குவாரி முதலிய தோட்டங்களிலிருந்து தொழிலாளர் விரட்டப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு நாடு முழுவதையும் தாக்கியபோதிலும், கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலோ மரவள்ளிக் கொல்லையோ கைகொடுத்தது. ஒரு சாண் நிலமும் சொந்தமில்லாத தோட்டத்தில் மக்கள் பட்டினியால் செத்தனர். பிரஜாவுரிமைப் பறிப்பு வெறும் வாக்குச்சீட்டுப் பிரச்சினை எனக் கருதுவோர், அந்த இரண்டு ஆண்டுகளில் தோட்டங்களில் விழுந்த சாவுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்தளிக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தபோது, 1977 மே 11 அன்று, ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அந்த நிலப்பறிப்பு அத்துடன் நின்றது. மலையகத்தில் இன்று தேயிலை நிற்கும் பல சரிவுகள் அந்த இளைஞனின் உயிரால் காக்கப்பட்டவை என்று சொல்வது மிகையாகாது.

அதே ஆண்டிலும் 1981, 1983 ஆகிய ஆண்டுகளிலும் இனவன்முறை லயங்களை எரித்தபோது, ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்கு ஓடினர். காந்தியம் என்னும் தொண்டு அமைப்பின் உதவியோடு டொலர் பண்ணை, கென்ட் பண்ணை போன்ற இடங்களில் குடியேறியவர்கள் 1984இல் அங்கிருந்தும் அகற்றப்பட்டு, அவ்விடங்களில் சிங்களச் சிறைக்கைதிகளும் அவர்களுடைய குடும்பங்களும் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கி, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலரைக் கொன்றனர். ஏதிலிகளை விரட்டிய நிலத்தில் ஏழைகளை நிறுத்திய அரசும், அவர்களை வெட்டிச் சாய்த்த ஆயுததாரிகளும் அக்கொடுமைக்குப் பொறுப்பாளிகள். இதனோடு வைத்து நோக்கத்தக்கது சிரியாவின் ‘அரபு வளையம்’: யூப்ரடீஸ் அணையால் நிலமிழந்த அரபு உழவர் குடும்பங்கள் ஏறத்தாழ 4,000, துருக்கிய எல்லையோரக் குர்திய நிலத்தில் 1970களில் அரசால் குடியேற்றப்பட்டன. அங்கும் நிலமிழந்த ஏழையே மற்றோர் ஏழைக்கு எதிராக நிறுத்தப்பட்டார். வன்னியில் தங்கிவிட்ட மலையகக் குடும்பங்கள் 2009ஆம் ஆண்டின் இறுதிப் போரையும் சுமந்தன என்பது இவ்வரலாற்றின் மிகக் குறைவாகப் பேசப்பட்ட பகுதியாகும்.

திரும்பிய உரிமை, திரும்பாத நிலம்

2003 ஒக்டோபரில் நிறைவேறிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரஜைகளே என அறிவித்தது. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகத்தின் துணையோடு தோட்டந்தோறும் நடத்தப்பட்ட நடமாடும் சேவையில், சில வாரங்களுக்குள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரஜாவுரிமை பெற்றனர். உலகில் நாடற்ற நிலை ஒரு சட்டத்தாலும் ஓர் எளிய படிவத்தாலும் தீர்க்கப்பட்ட அரிய உதாரணமாக இது இன்றும் சுட்டப்படுகிறது. அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனால் பல பத்தாண்டுகள் வாக்கற்றிருந்த ஒரு சமூகத்தைச் சுற்றி அரசு நிர்வாகம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை அந்தப் படிவம் மாற்றவில்லை.

றொசல்ல அமைந்துள்ள அம்பகமுவ இதற்குச் சான்றாகும். பிரதேச சபை என்பது கிராமத்தின் வீதி, குடிநீர், நூலகம் ஆகியவற்றைக் கவனிக்கும் உள்ளூராட்சி அமைப்பு. இரண்டு இலட்சம் அளவிலான மக்கள் வாழ்ந்த அம்பகமுவவுக்கும், அதேபோன்ற நுவரெலியாவுக்கும் ஒவ்வொரு பிரதேச சபையே நெடுங்காலம் இருந்தது. அவை மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டு 2018இலேயே தேர்தல் நடந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவும் அவ்வாண்டில்தான் திருத்தப்பட்டது. அதுவரை, வாக்களித்துச் சபையைத் தெரிவுசெய்த தொழிலாளியின் லயத்துக்கு முன்னுள்ள பாதையைச் செப்பனிடுவதற்குத் தோட்ட நிருவாகத்தின் தயவு வேண்டியிருந்தது. லயத்து அறைக்குத் தனி முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வருகின்றன. வேலைவாய்ப்புக்கான நேர்முகக் கடிதம் தேதி கடந்து கைக்குக் கிடைத்த கதைகள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. தமிழ் அறியாத பதிவாளர் சிங்களத்தில் எழுதிய பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருப்பதால், ஓய்வூதிய நிதிக்கும் சொத்துரிமைக்கும் சத்தியக் கடதாசிகளோடு அலைவோர் பலர்.

கூலியின் நிலையும் வேறல்ல. பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 2024இல் 1,350 ரூபா எனச் சம்பளச் சபை நிர்ணயித்தது. நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுக்காதவருக்கு ‘அரைப்பேர்’ என்று பாதிச் சம்பளம் எழுதும் வழக்கம் நீடிக்கிறது. 2021இன் இறுதியில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சமகால அடிமைத்தனம் பற்றிய சிறப்பு அறிக்கையாளர் டோமோயா ஒபொகாட்டா, தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் நிலையில் கட்டாய உழைப்பின் கூறுகள் இருப்பதைத் தம் அறிக்கையில் பதிவுசெய்தார். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை, குறைந்த கூலியை மறுக்கும் சுதந்திரம் தொழிலாளிக்கு இல்லை. வீடும் வேலையும் ஒரே கையில் இருப்பதே கட்டாயத்தின் அடிப்படை.

வீடு சொந்தமில்லாமை உயிரையும் பறிக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அவ்விடம் அபாயகரமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை பெற்றவர்களுக்குச் செல்லுமிடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கி மண்சரிவுகளை ஏற்படுத்தியபோது, அதே கேள்வி மீண்டும் எழுந்தது. கிராமத்தவர் இழந்த வீட்டுக்கு உறுதி காட்டி நட்டஈடு கேட்கலாம். லயத்தில் வாழ்பவர் எந்தத் தாளைக் காட்டுவார்?

தமிழகத்து முகாம்களில் எஞ்சியோர்

போரினால் இராமேஸ்வரம் சென்ற அகதிகளுள் ஏறத்தாழ 30,000 பேர் மலையக வழியினர். அவர்களில் பலர் எந்த நாட்டின் பிரஜையும் அல்லர்; முகாமில் பிறந்த பிள்ளைகளும் அந்நிலையையே பெற்றுள்ளனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் குறிப்பிட்டு இலங்கையை விட்டுவிட்டது. 1964இல் இவர்களுடைய முன்னோரை இந்திய வம்சத்தினர் என்று எண்ணிக் கணக்கில் எழுதிக்கொண்ட நாடு, அறுபது ஆண்டுகளின் பின்னர் அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற வகைக்குள் வைத்திருப்பது வெட்கத்துக்குரியது.

‘ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டினத்துக்குரிய உரிமை உண்டு’ என்ற பொருள்படும் 15ஆம் உறுப்புரையைக் கொண்ட மனித உரிமைகள் உலகப் பிரகடனம், இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் நிறையுமுன், 1948 டிசம்பர் 10 அன்று நிறைவேறியது. அப்பிரகடனத்தை மீறியோர் பட்டியலில் சிரியாவும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரோஹிங்கியரை ஒதுக்கிய பர்மாவும் எப்போதும் குறிப்பிடப்படுகின்றன. சிரியா குடியுரிமையை ஓர் ஆணையால் பறித்தது. இலங்கையோ, தேர்தல் நடத்தி, நாடாளுமன்றத்தில் விவாதித்து, நீதிமன்றத்தின் ஒப்புதலும் பெற்று அதே செயலைச் செய்தது. வாக்குப்பெட்டி இருப்பதாலேயே ஒரு சிறுபான்மைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு மலையகத்தைவிடத் தெளிவான சான்று தெற்காசியாவில் இல்லை.

2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். முன்னோர் பசியாலும் காய்ச்சலாலும் விழுந்து இறந்த அதே வழியில் அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் காணியும் வீடும் முதன்மையானவை. இக்கோரிக்கையை நிறைவேற்றுவதற்கு எவருடைய நிலத்தையும் பறிக்கத் தேவையில்லை. 1992இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதிலும், தோட்ட நிலத்தின் உடைமையாளர் இன்றும் அரசே. கம்பனிகள் குத்தகைக்காரர் மட்டுமே. ஏழு பேர்ச்சஸ் என்ற அளவில், உறுதிப்பத்திரம் இழுபறியான நிலையில், தேர்தலுக்குத் தேர்தல் சில நூறு வீடுகள் என வழங்குவது இக்கடனைத் தீர்க்காது. 2023 ஒக்டோபரில் வெளியிட்ட ஹட்டன் பிரகடனத்தில் இம்மக்களின் காணி, வீட்டு உரிமைகளை ஏற்ற தேசிய மக்கள் சக்தி, 2024 முதல் ஆட்சியில் இருக்கிறது. லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், மண்சரிவு அபாயமற்ற இடத்தில், கணவன் மனைவி இருவர் பெயரிலும் தடையற்ற உறுதியோடு காணி வழங்கும் சட்டத்தை அது நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும். அச்சட்டத்தின் முகவுரையில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் ஓர் அநீதி என்று எழுத வேண்டும்.